பூங்கனி டீச்சர் விழுங்கிய முந்திரிக்கொத்து

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி. அதில் இருபத்திரண்டு பிள்ளைகள். அந்த இருபத்திரண்டுக்கும் மதியச் சோற்றை ஊட்டி முடிப்பதற்குள் சாதாரண மனுஷிக்குத் தலை கிறுகிறுத்துப் போகும். பூங்கனி டீச்சருக்கு ஒன்றும் ஆகாது. பத்தொன்பது வருஷமாக அதைத்தானே செய்கிறாள்? சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாசலைப் பார்க்கிற பிள்ளை எது, முட்டையின் மஞ்சளை நைசாக ஜன்னல் வழியே காக்காய்க்குப் போடுகிற பிள்ளை எது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். "விழுங்கு மக்கா, பைய விழுங்கு. இறங்கிட்டா? வாயத் திற, பாக்கட்டு." பிள்ளை வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அடுத்த உருண்டை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு இறங்க வைத்தவளுக்கு, ஐம்பதாவது வயதில் தனக்கே சோறு இறங்காமல் போனது. என்ன அநியாயம் பாருங்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் காலையில் கேக் துண்டில் தொடங்கியது. தொண்டையில் இல்லை, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள், போனது. அடுத்து சப்பாத்தி நின்றது. பிறகு தோசை. ஒரு வருஷம் கழிந்ததும் சோறும் நின்றது, சில நாள் தண்ணீரே நின்றது. பூங்கனி அதற்கு ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தாள். நான்கு வாய் சாப்பிடுவாள், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள், கையைத் தூக்கிக்கொண்டு குதிகுதியென்று இரண்டு சாட்டம் சாடுவாள். கடகடவென்று ஒரு சத்தத்தோடு உள்ளே இறங்கும். ஐம்பது வயதுப் பெண் அடுக்களையில் நின்று சாடுகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? யார் முன்னாலும் சாப்பிடுவதை நிறுத்தினாள். உடம்பில் பதினான்கு கிலோ குறைந்தது. "சுகர் உண்டுமா டீச்சர்?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, கொஞ்சம் உண்டு" என்று பொய் சொன்னாள். ஊரார் சுகர் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு உள்ளே இருந்த பயம் வேறு.

அவளுடைய அப்பா இருபது வருஷத்துக்கு முன்பு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்துதான் செத்தார். கடைசி இரண்டு மாதம் கரண்டியில் பால் கொடுத்தது பூங்கனி. தூக்கி உட்கார வைத்தது அண்ணன் ஆபேல். எனக்கும் அதேதான் வந்திருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டியவள் டாக்டரிடம் போகவேண்டாமா? போகவில்லை. அஞ்சுகிராமத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஆபேல், அப்போதுதான் மகள் அஜிஷாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு அந்தச் சீக்கு, இப்போது அத்தைக்கும் அதே சீக்காம் என்று ஒரு வார்த்தை மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் போதாதா? கல்யாணம் முடிகிற வரை மூச்சு விடக்கூடாது என்று பூங்கனி வாயைப் பூட்டிக்கொண்டாள்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டையைச் சொல்ல இங்கே வாய் வேண்டாம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய், இலையில் கை வைக்காமல் திரும்பினால் போதும். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை. அஜிஷாவின் நிச்சயத்துக்குப் போன பூங்கனி அரை டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி பஸ் ஏறினாள். பந்தியில் அத்தைக்கு என்று போட்ட இலை அப்படியே கிடந்தது. ஊரார் விடுவார்களா? அப்பாவின் தோப்பில் பாகம் கிடைக்காத கோபம் என்றார்கள். அவளுக்குத் தோப்பும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். ஆனால் பேச்சு ஆபேல் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் தவறாமல் தங்கையை போனில் கூப்பிடுகிறவர், அந்த ஞாயிறு கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. பூங்கனி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்தவர் என்று அவளுக்கு இருப்பது அந்த ஒரே அண்ணன்தான்.

கடைசியில் குட்டு வெளிப்பட்டது மகள் பிரீனாவிடம். கல்லூரிக்குப் போகிற பெண். அம்மாவின் தலையணை உறையைத் துவைக்க எடுத்தவள், தூக்கத்தில் வாய்க்குத் திரும்பி வந்த முந்தின நாள் சோற்றுப் பருக்கை அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அப்பா டைட்டஸுக்கு உடனே வீடியோ கால் போட்டாள். அவர் அங்கிருந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. மறுநாள் தாயும் மகளும் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் பெனினுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. முதலில் கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தார். பிறகு வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து நெஞ்சில் அகலமாகத் தேங்கி நின்று, அடியில் கிளி மூக்கு போலக் கூராக முடிந்திருந்தது. அதன் பிறகு மூக்கு வழியே மெல்லிய ஒயர் ஒன்றை விட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் என்று கம்ப்யூட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக ஓடியது.

"கேன்சர் இல்ல டீச்சர்" என்றார் டாக்டர்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"நல்லாப் பாத்துதான் சொல்லுதேன். சதையும் எடுத்துச் சோதிச்சாச்சு. கேன்சர் இல்ல."

மூன்றாவது தடவையும் கேட்டாள். அவரும் சலிக்காமல் மூன்றாவது தடவையும் சொன்னார். பூங்கனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷம் வீணாகப் பயந்த பயம் அத்தனையும் அந்த நாற்காலியில் இறங்கியது.

"உணவுக்குழாயும் இரைப்பையும் சேருத இடத்துல தசை ஒண்ணு வளையம் மாதிரி உண்டு. நாம விழுங்கும்போது அது தானா விரியணும். உங்களுக்கு விரியல்ல. மேல உள்ள குழாயும் சாப்பாட்டைக் கீழ தள்ளுததை விட்டுட்டு. இதுக்குப் பேரு அக்கலேசியா. நீங்க சாடும்போது, மேல நிக்கிற சாப்பாட்டுக் கனத்துல கொஞ்சம் திறந்து விடுது, அவ்வளவுதான்."

"இதுக்கு மருந்து உண்டா சார்?"

"மாத்திரையில பெருசா கேக்காது. பலூனை உள்ள விட்டு ஊதி விரிக்கலாம். சிலருக்கு அது போதும், சிலருக்குக் கொஞ்ச வருஷத்துல திரும்ப இறுகும். உங்களுக்கு இருக்கிற இறுக்கத்துக்குப் போயம்னு ஒரு முறை நல்லது. அந்தத் தசையை உள்ள போயி வெட்டி விடுதது."

"வயித்தக் கீறுவியளா?"

"வெளிய ஒரு கீறலும் கிடையாது. எல்லாம் வாய் வழிதான்."

அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டார். உணவுக்குழாயின் சுவர் அடுக்கடுக்காக இருக்குமாம். உள் அடுக்கில் சின்னதாக ஒரு வாசல் திறந்து, இரண்டு அடுக்குக்கும் நடுவே நீல மருந்து கலந்த தண்ணீரை ஊசியால் ஏற்றி இடம் உண்டாக்கி, அந்த இடைவெளிக்குள்ளேயே குழாயைக் கீழே கொண்டுபோய், இறுகின தசையை மட்டும் வெட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி வாசலைக் கிளிப் போட்டு மூடுவார்களாம். பிரீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூங்கனி படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது பாவாடை நாடால்லா சார்? துணியைக் கிழிக்காம, நாடா போட்டிருக்கிற மடிப்புக்குள்ள மட்டும் கத்திரியை விட்டு, இறுகின நாடாவை வெட்டிட்டு, ஓட்டையைத் தச்சு விடுதது. அதுதான?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கொள்ளாமே, நல்லாருக்கே! இனி எல்லாருக்கும் இப்படியே சொல்லிர வேண்டியதுதான்" என்றார். வாசலில் நின்ற எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன் ஜெஸ்பினும் சிரித்தான்.

ஒரு வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அஜிஷாவின் கல்யாணத்துக்கு அன்றிலிருந்து மூன்று வாரம் இருந்தது. அதற்குள் குழைந்த சோறும் மெத்தென்ற கறியும் சாப்பிடலாம், பந்தியில் உட்காரலாம் என்றார் டாக்டர். பூங்கனிக்கு அது போதும். ஒரே ஒரு கட்டளை: முந்தின இரண்டு நாளும் தண்ணீர், இளநீர், வடிகட்டின ஜூஸ், மோர். வேறு எதுவும் தொடக்கூடாது. குழாய் சுத்தமாக இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. ஆபேலும் அவர் மனைவி, பூங்கனியின் மைனியும் இறங்கினார்கள். கல்யாணம் விளிக்க வந்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டுக்குள் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், ஃபேனைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், தங்கையை மட்டும் பார்க்கவில்லை. மைனி தட்டில் அழைப்பிதழை வைத்து, கூடவே ஒரு டப்பா முந்திரிக்கொத்தும் வைத்தாள். சிறுபயறு வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. நல்ல பல் உள்ளவன் கடித்தாலே 'கடக்' என்று கேட்கும்.

"ஏட்டி பூங்கனி" என்றார் ஆபேல். ஐந்து மாதத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து தன் பேரைக் கேட்கிறாள். "நிச்சயத்துக்கு வந்து பச்சைத் தண்ணி குடிக்காமப் போன. உன் மனசுல என்ன உண்டுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் இல்லன்னா இதுல ஒண்ணைத் தின்னு. நான் பாக்கணும்."

அந்த நேரம் பிரீனா வீட்டில் இல்லை. இருந்திருந்தால் போட்டு உடைத்திருப்பாள். பூங்கனிக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் உணவுக்குழாய் என்ற வார்த்தையைச் சொன்னால் அண்ணனுக்கு அப்பாவின் முகம்தான் தெரியும். கேன்சர் இல்லை என்று நூறு தடவை சொன்னாலும் காதில் ஏறாது, கல்யாண வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாளில் எல்லாம் சரியாகப் போகிறதே, இப்போது எதற்கு? டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள், மென்றாள், மாவாகிற வரை மென்றாள். முழுசாகத் தின்று முடித்து, வாயைத் திறந்துகூடக் காட்டினாள்.

ஆபேல் முதல் தடவையாகச் சிரித்தார். "சரி, வாறோம். கல்யாணத்துக்கு நேரத்தோட வந்திரணும், கேட்டியா?"

கார் தெருமுனை திரும்பியதும் பூங்கனி அடுக்களைக்கு ஓடினாள். சாடினாள். கையைத் தூக்கிச் சாடினாள், சுடு தண்ணீர் குடித்துச் சாடினாள், மேசையைப் பிடித்துக்கொண்டு சாடினாள். முந்திரிக்கொத்து அசையவில்லை. போகட்டும், வியாழக்கிழமைக்குள் கரைந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, மகளிடமும் மூச்சு விடவில்லை. அங்கன்வாடியில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் அவள் என்ன திட்டு திட்டியிருப்பாள்!

வியாழன் காலையில் மயக்க மருந்து கொடுக்கும் முன்பு, உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு தடவை குழாயை விட்டுப் பார்த்தார்கள். தொண்டையை மரக்க வைத்து, வாயில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்திருந்தார்கள். பூங்கனி பக்கவாட்டில் படுத்திருந்தாள். திரை அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. ஜெஸ்பின் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

"சார், இது முந்திரிக்கொத்துல்லா?"

"என்னது?"

"சிறுபயறு நல்லாத் தெரியுதே. தேங்காயும் போட்டிருக்காவ."

வளையத்தைக் கடித்துக்கொண்டு பூங்கனி என்ன பதில் சொல்வாள்? கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் தண்ணீர் பாய்ச்சி உறிஞ்சினார். பெரிய கட்டி உறிஞ்ச வரவில்லை. ஜெஸ்பின் குழாயின் உள்துளை வழியாக ஒரு கம்பியை விட்டான். அதன் நுனியில் சின்னதாக ஒரு வலை விரிந்தது. கட்டியை அதில் கோரி வெளியே எடுத்தான். "எங்க அப்பா குளச்சல்ல கடல்ல வலை போட்டாவ. நமக்கு இங்கதான் மீன்பாடு" என்றான். நாலு தடவை வலை போட வேண்டியிருந்தது.

வளையத்தை எடுத்ததும் டாக்டர் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு நாளு வெறும் நீர் ஆகாரம்னு சொன்னேனா இல்லியா டீச்சர்? புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளு நீங்க!"

"அண்ணன் கல்யாணம் விளிக்க வந்தாவ சார்" என்றாள் பூங்கனி.

டாக்டரும் இந்த ஊர்க்காரர்தானே. திட்ட வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். "அதுவும் சரிதான். விளிக்க வந்த இடத்துல எப்படி வேண்டாம்னு சொல்ல முடியும்?" என்று தலையைச் சொறிந்தார். ஆனால் கட்டி உறுத்தி உள்சுவர் சிவந்து புண்ணாகியிருந்தது, அதில் கத்தி வைக்க முடியாது என்று பத்து நாள் தள்ளிப் போட்டார். கல்யாணத்துக்கு மிச்சம் பதினோரு நாள்தான் இருக்கும். தசையை வெட்டி விட்ட பிறகு இரண்டு வாரத்துக்குக் கட்டிச் சாப்பாடே கிடையாது.

பூங்கனி அங்கேயே உடைந்துபோனாள். மறுபடியும் அதே பந்தி, அதே இலை, அதே கை வைக்காத சோறு. இந்தத் தடவை அண்ணன் மன்னிக்க மாட்டார். "பருப்புச் சோறு?" என்று கேட்டாள். கூழாகப் பிசைந்தால் கொஞ்சம் ஆகட்டும் என்றார் டாக்டர். "ரசம்?" காரம் இல்லாமல். "அவியல்?" தொடக்கூடாது. "பாயசம் சார்?" டாக்டர் யோசித்தார். "முந்திரிப்பருப்பு, திராட்சை ஒண்ணும் இல்லாம, ஆறினது. பைய குடிக்கணும்."

"மாமாட்ட சொல்லிருவோம்மா" என்று பிரீனா ஆட்டோவில் வரும்போதெல்லாம் கெஞ்சினாள். "கல்யாணம் முடியட்டு" என்பதைத் தவிரப் பூங்கனி வேறு பேசவில்லை.

பத்து நாள் கழித்து எல்லாம் நடந்தது. அவள் மயக்கத்தில் இருந்தாள். மறுநாள் ஜெஸ்பின்தான் வீடியோவைப் போட்டுக் காட்டினான். குழாயின் நுனியில் கண்ணாடி போல ஒரு தொப்பி. நீலத் தண்ணீர் ஏறி உப்பின சுவர். அதில் ஒரு சின்ன வாசல். உள்ளே நீலமும் வெள்ளையுமாகக் குகை போன்ற பாதை. ஊசி முனை போன்ற கத்தி நுனி பட்டதும் தசைநார் ஒவ்வொன்றாகத் தெறித்து விலகியது. காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைத்தான் ஊதுவார்களாம், அது உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடுமாம். கடைசியில் ஆறு கிளிப். "இந்த கிளிப்பெல்லாம் தானா விழுந்து போயிரும். தேட வேண்டாம்" என்றான் ஜெஸ்பின்.

எக்ஸ்ரே முன்னால் நிற்க வைத்து மருந்தைக் குடிக்கச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் பூங்கனி சாடுவதற்குக் கையைத் தூக்கினாள். "சாட வேண்டாம் டீச்சர், அது இறங்கியாச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அன்று மாலை அரை டம்ளர் இளநீர் குடித்தாள். நெஞ்சில் ஒரு இடத்திலும் நிற்காமல் குளிர்ச்சியாக வயிறு வரை போனது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள், பிறகு இன்னொரு அரை டம்ளர் கேட்டாள்.

கல்யாணத்தன்று கோயிலில் அஜிஷாவுக்குத் தாலி ஏறியது. ஹாலில் இலைச் சாப்பாடு. பூங்கனி முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தாள், பக்கத்தில் பிரீனா. இலை நிறைய வைத்தார்கள்: அவியல், பச்சடி, எரிசேரி, நேந்திரங்காய் வறுவல், பப்படம். அவள் ஒரு பிடிச் சோற்றைப் பருப்பு விட்டுக் கூழாகப் பிசைந்து, பிள்ளைக்கு ஊட்டுகிற அளவில் மூன்று வாய் சாப்பிட்டாள். மற்றது அத்தனையும் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த ஆபேல் அந்த இலையைப் பார்த்தார். பார்த்த முகம் இருண்டது. நேராக வந்தார்.

"மூணு வாய்தானா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "ஊருக்கு முன்னால வந்து உக்காந்து இப்படிப் பண்ணுததுக்கு, நீ வராமலே இருந்திருக்கலாம்."

அவர் திரும்பிவிட்டார். கல்யாணம் முடியட்டும் என்ற பிடிவாதம் எல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதோ! பூங்கனி இடது கையால் அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, எனக்கு ரெண்டு வருஷமா சோறு இறங்கல்ல. நிச்சயத்தன்னைக்கும் அதுதான். வெட்டி விட்டுப் பதினோரு நாளுதான் ஆவுது. இதுக்கு மேல தின்னக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

ஆபேல் நின்றார். "அப்பாவுக்கு வந்ததா?"

"அது இல்ல அண்ணே. சத்தியமா அது இல்ல. சோதிச்சுப் பாத்தாச்சு. வளையம் ஒண்ணு இறுகிக் கிடந்தது, இப்ப திறந்தாச்சு. அஜிஷா கல்யாணத்துக்கு ஒரு தடங்கல் வரக்கூடாதுன்னுதான் சொல்லல்ல."

"அன்னைக்கு முந்திரிக்கொத்து தின்னியே?"

"ரெண்டு நாளு நெஞ்சுலதான் இருந்தது" என்று பிரீனா குறுக்கே விழுந்து சொன்னாள். "வலை போட்டு எடுத்தாவ மாமா."

"நான்லா தின்ன வச்சேன்" என்றார் ஆபேல். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாயச வாளியோடு வந்தவனை நிறுத்தி ஒரு டம்ளரில் வாங்கினார். "முந்திரியும் திராட்சையும் ஆகாது" என்றாள் பூங்கனி. பட்டு வேட்டி கட்டின பெண்ணின் தகப்பன், ஊரெல்லாம் பார்க்க, கரண்டியால் முந்திரிப்பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்தார். திராட்சையையும் தேடித் தேடி எடுத்தார். டம்ளரை ஆற்றினார். அடுத்த பந்திக்கு ஆட்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தேடுகிறார்கள் என்று மைனி ஓடி வந்து சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை.

பூங்கனி ஒரு வாய் குடித்தாள்.

"பைய விழுங்கு மக்கா" என்றார் ஆபேல். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கிட்டா?"

"இறங்கிட்டு அண்ணே" என்றாள். அண்ணன் நம்பவில்லை என்று தெரிந்தது. வாயைத் திறந்து காட்டினாள்.